சாவி கொடுத்தா மட்டும் போதுமா? ‘தங்கினால்தான் பணம்’ திட்டம் வடசென்னை நடைபாதைக்குப் பொருந்துமா?

வியாசர்பாடியில் இருந்து பேசின் பிரிட்ஜ் பக்கம் இறங்கி, மூலக்கொத்தளம் தாண்டி, வால்டாக்ஸ் ரோடு வழியாக இரவு 11 மணிக்கு மேல் பைக்கில் வந்தவர்களுக்கு இது பழகிய காட்சிதான். ஷட்டர் இறக்கிய கடைகள். அதன் முன்னே தார்ப்பாய். ட்ரைசைக்கிள் மேலேயே காலை மடக்கித் தூங்கும் ஒருவர். கம்பியில் மாட்டிய ஸ்கூல் பேக். வரிசையாகப் பிளாஸ்டிக் குடங்கள். சிக்னலில் நிற்கும் நேரத்துக்குள் கண்ணில் பட்டு, பச்சை விழுந்ததும் மறந்துபோகிற காட்சி.

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் டீக்கடையில் இருந்து ஆபீஸ் கேன்டீன் வரை தவறாமல் வருகிற ஒரு வசனம் உண்டு: “அவங்களுக்கு வீடு கொடுத்தாலும் வித்துட்டுத் திரும்ப ரோட்டுக்கே வந்துடுவாங்க சார்.”

சிலர் திரும்பி வருவது உண்மைதான். ஆனால் ஏன் வருகிறார்கள், அப்படி வந்தால் அது யாருடைய தோல்வி என்று யாரும் கேட்பதில்லை. உலகின் சில நகரங்கள் இந்தக் கேள்வியை ஒப்பந்தமாகவே எழுதிப் பார்த்தன. வீடு கொடுத்ததற்குப் பணம் இல்லை. போனவர் ஒரு வருடம் கழித்தும் அங்கேயே இருந்தால்தான் பணம். இதற்குப் பெயர் ‘விளைவு அடிப்படையிலான நிதி’.

இது எப்படி வேலை செய்கிறது? எங்கே வென்றது, எங்கே இடறியது? வடசென்னைக்கு இதில் என்ன இருக்கிறது?

யார் ‘நீண்டகால வீடற்றோர்’?

வேலை போய் ஒரு வாரம் எழும்பூர் ஸ்டேஷனில் படுத்தவரும் வீடற்றவர்தான். நடைபாதையில் பிறந்து, அங்கேயே கல்யாணம் ஆகி, அங்கேயே பேரப்பிள்ளை பார்த்தவரும் வீடற்றவர்தான். ஆனால் இருவருக்கும் தேவைப்படும் உதவி ஒன்றல்ல. முதல் நபருக்குச் சில நாள் படுக்கையும் ஒரு வேலையும் போதும். இரண்டாவது நபருக்கு அது போதாது.

அமெரிக்கா, பிரிட்டன் போன்ற இடங்களில் ‘நீண்டகாலம்’ என்றால் பெரும்பாலும் தனி ஆள். வருடக்கணக்கில் தெருவில் இருப்பவர், மனநலச் சிக்கலோ போதைப் பழக்கமோ உள்ளவர். சென்னையில் இந்த வகையினரும் இருக்கிறார்கள். ஆனால் என்.எஸ்.சி. போஸ் ரோடு, பிராட்வே, வால்டாக்ஸ் ரோடு பகுதிகளில் இருப்பவர்களில் கணிசமானோர் குடும்பம் குடும்பமாக, தலைமுறைகளாக இருப்பவர்கள். மூட்டை தூக்குவது, பூ கட்டுவது, மீன்பாடி வண்டி ஓட்டுவது, வீட்டு வேலை என்று உழைக்கிறவர்கள். பலரிடம் வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு எல்லாம் உண்டு. கதவு மட்டும்தான் இல்லை.

எத்தனை பேர்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியா முழுக்க வீடற்றோர் சுமார் 17.7 லட்சம் பேர். சென்னையில் 16,682 பேர். 2011 பிப்ரவரி 28-ம் தேதி, ஒரே இரவில் எடுத்த எண்ணிக்கை அது. அந்த ராத்திரி லோடு ஏற்றப் போனவர், ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தவர் எல்லாம் கணக்கில் வந்தார்களா என்பது சந்தேகம்தான். 14 வருடத்துக்கு மேல் ஆகியும் பேச்சு இந்த எண்ணைச் சுற்றியே ஓடுகிறது.

இப்போது பணம் எப்படிப் போகிறது?

உணவு உரிமை வழக்கில் 2010 முதல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகள்தான் தொடக்கம். பெருநகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், அது 24 மணி நேரமும் இயங்க வேண்டும் என்றது நீதிமன்றம். 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதைத் திட்டமாக்கியது. ஒரு காப்பகத்தில் 50 முதல் 100 பேர் வரை தங்கலாம், தலைக்குக் குறைந்தது 50 சதுர அடி, ரேஷன் கார்டு முதல் ஓய்வூதியம் வரை வாங்கித்தர உதவி என்று விதிகள் வந்தன. சென்னை மாநகராட்சி ஆண்கள், பெண்கள், குழந்தைகள், முதியோர், மனநலம் பாதித்தவர்கள் என்று தனித்தனியாகக் காப்பகங்கள் வைத்திருக்கிறது. அரசு மருத்துவமனை வளாகங்களில் நோயாளிகளின் உறவினர்களுக்கும் உண்டு. பெரும்பாலும் தொண்டு நிறுவனங்கள் ஒப்பந்த அடிப்படையில் நடத்துகின்றன.

இங்கே பணம் எதைப் பார்த்துப் போகிறது? கட்டடம், படுக்கை, பணியாளர் சம்பளம். ‘50 படுக்கை, இத்தனை பேர் பயன்பெற்றனர்’ என்று அறிக்கை வரும். அந்த 50 பேரில் எத்தனை பேர் அடுத்த வருடம் சொந்தமாக ஒரு அறை எடுத்துக்கொண்டு போனார்கள்? அந்த எண்ணுக்கும் பணத்துக்கும் தொடர்பு இல்லை. அதனால் அது தலைப்புச் செய்தியாகவும் ஆவதில்லை.

வீடு கட்டும் பக்கமும் இதே கதைதான். பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில் ஏழைகளுக்கான அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மத்திய அரசு தந்தது வீட்டுக்கு ரூ.1.5 லட்சம். அது 40, 40, 20 சதவீதம் என மூன்று தவணைகளாக, வேலை எவ்வளவு நடந்தது என்று பார்த்து விடுவிக்கப்பட்டது. உள்ளே யார் குடியேறினார்கள், தங்கினார்களா என்பது தவணையைத் தீர்மானிக்கவில்லை.

கட்டி முடிப்பதும் வாழ முடிவதும் ஒன்றல்ல என்பது வியாசர்பாடிக்குப் பக்கத்திலேயே தெரிந்தது. 2021-ல் புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடியில் கை பட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்வதாகக் குடியிருந்தவர்கள் வீடியோ எடுத்துப் போட்டார்கள். விஷயம் சட்டமன்றம் வரை போனது. காகிதத்தில் அந்த வீடுகள் அப்போதே ‘முடிந்தவை’.

‘விளைவுக்குப் பணம்’ எப்படி வேலை செய்யும்?

மேஸ்திரிக்கு மொத்தப் பணத்தையும் முதலிலேயே கொடுக்க மாட்டோம் இல்லையா? மழை பெய்து, கூரை ஒழுகவில்லை என்று பார்த்த பிறகு கடைசித் தவணையைக் கொடுப்போம். அதே யோசனைதான். இதில் நான்கு தரப்பு இருக்கும்.

• அரசு: விளைவு கிடைத்தால் பணம் தருவதாக எழுதிக் கொடுக்கும்.
• தொண்டு நிறுவனம்: வேலையைச் செய்யும்.
• முதலீட்டாளர்: விளைவு வரும்வரை ஆகும் செலவுக்கு முன்பணம் போடுவார். விளைவு வந்தால் அரசிடம் இருந்து வட்டியோடு திரும்பக் கிடைக்கும். வராவிட்டால் நஷ்டம் அவருக்கு.
• மதிப்பீட்டாளர்: உண்மையிலேயே விளைவு வந்ததா என்று தனியாக நின்று சரிபார்ப்பார்.

முதலீட்டாளரும் சேர்ந்து வந்தால் அதற்கு ‘சோஷியல் இம்பேக்ட் பாண்ட்’ என்று பெயர். இதன் முதல் ஒப்பந்தம் 2010-ல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ சிறையில் தொடங்கியது. விடுதலையானவர்கள் மறுபடி குற்றத்தில் சிக்குவதைக் குறைப்பது அதன் இலக்கு. முதலீட்டாளர் இல்லாமல் அரசும் தொண்டு நிறுவனமும் நேரடியாகவே ‘விளைவு ஒப்பந்தம்’ போட்டுக்கொள்வதும் உண்டு.

கணக்கு புரிய ஒரு கற்பனை உதாரணம். ஒரு குடும்பத்துக்கு அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்குள் போனதும் 20,000. ஆறு மாதம் தங்கினால் 15,000. ஒரு வருடம் தாண்டினால் 40,000. இரண்டு வருடம் தாண்டினால் 25,000.

100 குடும்பங்கள் உள்ளே போகின்றன. ஆறாவது மாதம் 60 குடும்பம்தான் இருக்கிறது. ஒரு வருடத்தில் 50. இரண்டாம் வருட முடிவில் 45. நிறுவனத்துக்குக் கிடைப்பது 20 லட்சம் + 9 லட்சம் + 20 லட்சம் + 11.25 லட்சம். மொத்தம் 60.25 லட்சம். சாவி கொடுத்த அன்றே முழுப் பணம் என்ற பழைய முறையில் ஒரு கோடியும் போயிருக்கும். 55 குடும்பங்கள் திரும்ப நடைபாதைக்கு வந்தது யாருடைய கணக்கிலும் ஏறியிருக்காது.

இந்த முறையில் கிளம்பிப் போன ஒவ்வொரு குடும்பமும் யாரோ ஒருவருக்கு நஷ்டம். அதனால் ஆறாவது மாதமே ஒருவர் கதவைத் தட்டிக் கேட்பார்: “என்னம்மா பிரச்னை? கரன்ட் பில்லா, வேலையா, பையனோட ஸ்கூலா?” அப்படிக் கேட்க ஓர் ஆளை வைக்கப் பணம் இருப்பதும், கேட்டே ஆக வேண்டிய கட்டாயம் இருப்பதும்தான் இந்த முறையின் உயிர்.

லண்டன்: 831 பேர், ஒரே பட்டியல்

2012-ல் லண்டன் மாநகர நிர்வாகம் இரண்டு தொண்டு நிறுவனங்களோடு இப்படி ஒப்பந்தம் போட்டது. தெருவில் தங்குபவர்கள் பற்றி அந்த நகரம் தொடர்ந்து வைத்திருக்கும் தரவுத்தளத்தில் இருந்து 831 பேர் எடுக்கப்பட்டார்கள். தெருவாழ்க்கையில் ஊறிப்போனவர்கள், பலமுறை உதவி கொடுத்தும் திரும்பியவர்கள். நிலையான தங்குமிடத்துக்குள் போனால் ஒரு தொகை, 12 மாதம் தாண்டினால் ஒன்று, 18 மாதம் தாண்டினால் இன்னொன்று. தெருவில் காணப்படுவது குறைந்தாலும், வேலையோ பயிற்சியோ கிடைத்தாலும் தனித் தொகை.

இங்கே கவனிக்க வேண்டியது, பட்டியல் முன்கூட்டியே மூடப்பட்டது. நிறுவனம் தனக்கு வசதியான ஆளைத் தேடிப் பிடிக்க முடியாது. பட்டியலில் இருக்கும் மிகக் கடினமான ஆளும் அதன் பொறுப்பு. பிரிட்டன் அரசுக்காகச் செய்யப்பட்ட மதிப்பீட்டில், இதேபோன்ற மற்றவர்களோடு ஒப்பிடும்போது இந்தக் குழுவில் தெருவில் தங்குவது குறைந்தது தெரியவந்தது.

டென்வர்: மூன்று வருடம் கழித்தும் 77%

அமெரிக்காவின் டென்வர் நகரம் 2016-ல் தொடங்கியது. அங்கே அடிக்கடி கைதாகி, ஜெயில், போதை மீட்பு மையம், அவசர சிகிச்சை என்று சுற்றிச் சுற்றி வந்தவர்கள்தான் இலக்கு. எல்லோருக்கும் தர இடம் இல்லாததால் 724 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வீடும் கூடவே ஆதரவுப் பணியாளரும். இன்னொரு பிரிவுக்கு ஊரில் வழக்கமாக உள்ள சேவைகள் மட்டும்.

‘அர்பன் இன்ஸ்டிடியூட்’ என்ற ஆய்வு நிறுவனம் 2021-ல் முடிவுகளை வெளியிட்டது. வீட்டுக்குள் போனவர்களில் ஒரு வருடம் கழித்து 86%, மூன்று வருடம் கழித்து 77% பேர் அங்கேயே இருந்தார்கள். போலீஸ் சந்திப்புகள் 34% குறைந்தன. கைதுகள் 40% குறைந்தன. முதலீட்டாளர்கள் போட்டது 86 லட்சம் டாலர். நகரம் திருப்பிக் கொடுத்தது 96 லட்சம் டாலர்.

“வீடு கொடுத்தாலும் திரும்ப வந்துடுவாங்க” என்ற வசனத்துக்கு இதைவிட நேரான பதில் இல்லை. சரியான வீடும் கூட ஓர் ஆளும் இருந்தால், நான்கில் மூன்று பேருக்கு மேல் தங்கிவிடுகிறார்கள்.

இதன் அடிப்படை யோசனை டென்வரில் பிறந்ததல்ல. ‘முதலில் குடியை நிறுத்து, மருந்து சாப்பிடு, அப்புறம் வீடு’ என்பதைத் திருப்பிப் போட்டு, ‘முதலில் வீடு, மற்றதெல்லாம் அப்புறம்’ என்று 1992-ல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தொடங்கிய முறை அது. ஃபின்லாந்து 2008-ல் இதை நாட்டின் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது.

எல்லாமே வெற்றிக் கதையா?

இல்லை. கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா மாவட்டம் 2015-ல் இதேபோலத் தொடங்கியது. வீடு தரப்பட்ட பிரிவில் 86% பேர் வீட்டுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். மனநல அவசர சிகிச்சைக்கு ஓடுவது குறைந்தது. ஆனால் பொதுவான மருத்துவமனைச் சேர்க்கையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ‘வீடு கொடுத்தால் ஆஸ்பத்திரிச் செலவு மிச்சமாகும், அந்த மிச்சத்திலேயே எல்லாம் ஈடாகிவிடும்’ என்ற வாக்குறுதியை நம்பி மட்டும் இறங்கினால் ஏமாற்றம்தான். டென்வரிலேயே மற்ற துறைகளில் மிச்சமானது திட்டச் செலவில் ஏறக்குறைய பாதியைத்தான் ஈடுகட்டியது.

இன்னொரு விஷயமும் உண்டு. டென்வரில் முதலீட்டாளர் பணம் மட்டும் வேலை செய்யவில்லை. மத்திய அரசின் வாடகை உதவியும் மருத்துவக் காப்பீடும் பின்னால் நின்றன. வீடே இல்லாத ஊரில் ‘வீட்டில் தங்கினால் பணம்’ என்று எவ்வளவு அழகாக ஒப்பந்தம் எழுதினாலும் செங்கல் முளைக்காது.

இந்தியாவுக்கு இது புதுசா?

யோசனை புதிதல்ல. ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்தில் 2015 முதல் 2018 வரை பெண் குழந்தைகளைப் பள்ளியில் சேர்ப்பதற்கும் படிப்புத்திறனுக்கும் ‘எஜுகேட் கேர்ள்ஸ்’ அமைப்பு இப்படி ஓர் ஒப்பந்தத்தில் வேலை செய்தது. சேர்க்கையில் இலக்கின் 116%, கற்றலில் 160% எட்டியது. ஆனால் அங்கே விளைவுக்குப் பணம் கொடுத்தது அரசு அல்ல, ஒரு வெளிநாட்டு அறக்கட்டளை.

அரசுகளே இப்படிப் பணம் வாங்குவதும் நடக்கிறது. தமிழக சுகாதாரத் துறைக்கு 2019-ல் உலக வங்கி ஒப்புக்கொண்ட 28.7 கோடி டாலர் கடன், குறிப்பிட்ட முன்னேற்றங்களைக் காட்டினால் விடுவிக்கப்படும் வகையைச் சேர்ந்தது. 15-வது நிதி ஆணையம் பெருநகரங்களுக்குத் தந்த மானியத்தில் ஒரு பகுதி காற்றின் தரம் மேம்பட்டதா என்று பார்த்துத்தான் தரப்பட்டது. மணலி, எண்ணூர் காற்றுக்கு மதிப்பெண் போட்டுப் பணம் தர முடியும் என்றால், வால்டாக்ஸ் ரோடு நடைபாதைக்கும் ஏன் முடியாது என்ற கேள்வி நியாயமானதுதான்.

கண்ணப்பர் திடல் சொல்லும் பாடம்

வடசென்னைக்கு இந்த விவாதம் ஏன் முக்கியம் என்பதற்கு வெளிநாடு போக வேண்டாம். 2002-ல் ரிப்பன் மாளிகைப் பக்கம் சாலையோரம் இருந்த குடும்பங்கள் அங்கிருந்து அகற்றப்பட்டு, கண்ணப்பர் திடலில் உள்ள மாநகராட்சிக் கட்டடத்தில் ‘தற்காலிகமாக’த் தங்கவைக்கப்பட்டன. அந்தத் தற்காலிகம் 20 வருடத்தைத் தாண்டியது. அங்கே பிறந்த குழந்தைகள் காலேஜ் வயதுக்கு வந்துவிட்டார்கள். 2024-ல்தான் நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு மூலக்கொத்தளத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பில் வீடு ஒதுக்கப்பட்டது. பயனாளிகள் கட்ட வேண்டிய பங்குத்தொகையை மாநகராட்சி ஏற்றுக்கொண்டதும் இதில் முக்கியமான திருப்பம்.

இதில் மூன்று விஷயங்கள் தெளிவாகின்றன.

முதலாவது, கூரை கிடைத்ததுமே அந்தக் குடும்பங்கள் நடைபாதைக் கணக்கில் இருந்து மறைந்துவிட்டன. விளைவை அளக்கும் முறை இருந்திருந்தால், ‘சொந்தக் கதவுள்ள வீட்டுக்குப் போனவர்கள்: பூஜ்யம்’ என்று ஒவ்வொரு வருடமும் அறிக்கையில் வந்திருக்கும். 20 வருடம் ஆகியிருக்காது.

இரண்டாவது, பணம். தினக்கூலிக் குடும்பத்திடம் லட்சக் கணக்கில் பங்குத்தொகை கேட்டால் ஒதுக்கீட்டு ஆணை காகிதமாகவே இருக்கும். தனியார் வாடகை வீட்டுக்குப் போகலாம் என்றால் ‘அட்வான்ஸ்’ குறுக்கே நிற்கும். 2017-ல் இயற்றப்பட்டு 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழக்கம் சென்னையை விட்டு முழுதாகப் போகவில்லை. நடைபாதை முகவரியோடு வருபவருக்கு வீடு தர எத்தனை ஓனர்கள் தயார் என்பது வேறு கதை.

மூன்றாவது, தூரம். கண்ணப்பர் திடலில் இருந்து மூலக்கொத்தளம் கூப்பிடு தூரம்தான். வேலையும் பள்ளியும் மாறவில்லை. இதையே பெரும்பாக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வியாசர்பாடியில் இருந்து சுமார் 30 கிலோமீட்டர். பூக்கடையில் விடியற்காலை 4 மணிக்குச் சரக்கு எடுக்க வேண்டிய பெண், கொத்தவால் சாவடி பக்கம் ட்ரைசைக்கிள் இழுக்கும் கணவர், ராயபுரத்தில் எட்டாவது படிக்கும் மகள் என்று ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பெரும்பாக்கத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் வீடு நல்ல வீடாகவே இருக்கலாம். ஆனால் முதல் பஸ் வருவதற்குள் வியாபாரம் முடிந்திருக்கும். அவர்கள் திரும்பி வந்தால் அதைச் ‘சோம்பேறித்தனம்’ என்றோ ‘வித்துட்டாங்க’ என்றோ சொல்வது சுலபம். விளைவு ஒப்பந்தம் இருந்தால், இடம் தேர்ந்தெடுத்தவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இங்கேயே ஒரு நல்ல முன்மாதிரி உண்டு

நீண்டகாலம் தெருவில் இருந்தவர்களில் மிகச் சிக்கலான நிலை, மனநலம் பாதித்தவர்களுடையது. 1993-ல் சென்னையில் தொடங்கிய ‘தி பேனியன்’ அமைப்பு, தெருவில் தவித்த மனநலம் பாதித்த பெண்களுக்காக வந்தது. சிகிச்சை முடிந்தும் போக இடமில்லாமல் வருடக்கணக்கில் காப்பகத்திலேயே இருந்தவர்களுக்காக, 2015 வாக்கில் ‘ஹோம் அகெய்ன்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. சாதாரணத் தெருவில் ஒரு வாடகை வீடு. நான்கைந்து பேர் சேர்ந்து குடித்தனம். கூட ஓர் உதவியாளர். சமைப்பது, கடைக்குப் போவது, பக்கத்து வீட்டோடு பேசுவது எல்லாம் அவர்களே.

சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. குடும்பம் இல்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் யாரையும் மனநல நிலையத்திலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம்.

ஆக, ‘வீடும் கூட ஓர் ஆளும்’ என்ற சூத்திரம் டென்வரில் இருந்து இறக்குமதி ஆக வேண்டியதில்லை. சென்னையிலேயே அதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

சரி, இதில் ஆபத்து என்ன?

• கைக்கு எட்டிய பழத்தை மட்டும் பறிப்பது. பணம் விளைவுக்குத்தான் என்றால், சீக்கிரம் செட்டில் ஆகக்கூடிய ஆளைத்தான் நிறுவனம் தேடும். குடிப்பழக்கம் உள்ள 60 வயதுக்காரர் பட்டியலிலேயே வர மாட்டார். லண்டன் போலப் பட்டியலை முதலிலேயே மூடுவது ஒரு வழி. கடினமான ஆளுக்குக் கூடுதல் தொகை வைப்பது இன்னொரு வழி.

• சின்ன நிறுவனங்கள் தாக்குப்பிடிக்காது. விளைவு வர ஒரு வருடம் ஆகும். களப்பணியாளருக்குச் சம்பளம் மாதாமாதம் வேண்டும். முன்பணம் போட யாரும் இல்லை என்றால், பல வருடமாகத் தெருவில் பழகிய உள்ளூர் அமைப்புகள் ஒதுங்கிவிடும். பெரிய கன்சல்டன்ட் கம்பெனிகள் உள்ளே வந்துவிடும்.

• அளப்பதற்கே காசு கரையலாம். வக்கீல், ஆடிட்டர், மதிப்பீட்டாளர் என்று ஒப்பந்தச் செலவு ஏறும். அந்தக் காசுக்கு நேரடியாகவே சில வீடுகளுக்கு வாடகை கட்டியிருக்கலாமே என்ற விமர்சனம் உலகம் முழுக்க உண்டு.

• ‘தங்கினார்’ என்பதற்காகத் தங்கவைப்பது. வீட்டைக் காலி செய்தால் நமக்குக் காசு போய்விடும் என்று, சொந்த ஊருக்குப் போக நினைக்கும் ஒருவரைத் தடுத்தால்? வீட்டுக்குள் அடிவாங்கும் பெண் வெளியேறினால் அது ‘தோல்வி’யா? நல்லபடியாக வேறு வீட்டுக்கு மாறுவதையும் வெற்றியாக எண்ணும்படி ஒப்பந்தம் இருக்க வேண்டும்.

• அரசு கைகழுவுவது. ‘இலக்கை எட்டாததால் பணம் தரவில்லை, எங்களுக்கு நஷ்டம் இல்லை’ என்று ஓர் அரசு சொல்லலாம். நடைபாதையில் இருப்பவருக்கு அது ஆறுதல் இல்லை.

வடசென்னைக்கு என்றால் எதை எண்ண வேண்டும்?

மாநகராட்சியோ வாரியமோ நாளைக்கு இப்படி ஒரு ஒப்பந்தம் எழுதினால், அதில் தேட வேண்டியவை இவை:

1. பெயர்ப் பட்டியல் முதலில். எந்தத் தெரு, எத்தனை குடும்பம், எத்தனை வருடமாக என்று இரவில் போய் எடுத்த பட்டியல். அது மூடிய பட்டியலாக இருக்க வேண்டும்.
2. குடும்பம்தான் அலகு. கணவர் வீட்டில், மனைவி பூக்கடை நடைபாதையில் என்றால் அது பாதி வெற்றி கூட இல்லை.
3. 12 மாதம், 24 மாதம் என்று இரண்டு முறை பார்க்க வேண்டும். அதுவும் ஒரு மழைக்காலம் தாண்டி. கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கும் மாதத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா என்பதும் ஒரு கேள்வி.
4. பிழைப்புக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம். புது வீட்டுக்குப் போன பிறகு வருமானம் குறைந்ததா, பிள்ளை படிப்பை நிறுத்தியதா என்பதையும் விளைவாகவே எண்ண வேண்டும்.
5. முன்பணம். மொத்தத்தில் ஒரு பங்கு மாதாந்திரச் செலவுக்கு உறுதியாகக் கிடைக்க வேண்டும். மீதி மட்டும் விளைவோடு கட்டப்படலாம்.
6. சரிபார்ப்பவர் வேறு ஆள். வீடு கொடுத்தவரும் தணிக்கை செய்பவரும் ஒருவராக இருக்கக் கூடாது. குடியிருப்பவரின் வாய்மொழியும் பதிவாக வேண்டும்.

40 வருடப் பழைய பாக்கி

நடைபாதைவாசிகளின் பிழைப்பும் வாழ்வுரிமையின் பகுதிதான் என்று 1985-ல் மும்பை ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது பலருக்குத் தெரியும். அதே 1985-ல், அதே நீதிமன்றத்தில், சென்னை குடிசைவாசிகளும் நடைபாதைவாசிகளும் அப்புறப்படுத்தப்படுவதை எதிர்த்து ஒரு வழக்கு இருந்தது. தொடுத்தவர், பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான கே.சந்துரு. மாற்று இடம் தரும் கொள்கையை அரசு தொடரும் என்ற நம்பிக்கையில் நீதிமன்றம் அந்த வழக்கை முடித்தது.

மாற்று இடம் கொடுத்தாயிற்றா என்பதை 40 வருடமாகச் சாவிகளின் எண்ணிக்கையில் அளந்தோம். அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்கு அறிவிக்கப்பட்டிருக்கிறது. வீடற்றோரை எண்ண மறுபடியும் ஒரு இரவு வரும். பேசின் பிரிட்ஜில் இருந்து வால்டாக்ஸ் ரோடு வரை டார்ச் லைட்டும் படிவமுமாக அன்று நடக்கப் போகும் ஊழியரின் கையில், “இதற்கு முன் உங்களுக்கு எங்காவது வீடு ஒதுக்கினார்களா? ஏன் கிளம்பி வந்தீர்கள்?” என்று இன்னும் இரண்டு கேள்விகள் இருந்தால், ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தை எழுதத் தொடங்கிவிடலாம்.